ஹைட்ரஜன் கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 மார்ச் மாதம் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி டொயோட்டா மிராய் என்ற ஹைட்ரஜன் காரில் நாடாளுமன்றத்துக்கு வந்து இறங்கினார். அன்றிலிருந்து ஹைட்ரஜன் கார் பற்றிய பேச்சு நம் ஊரில் ஓயவில்லை. பெட்ரோல் வேண்டாம், சார்ஜ் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம், புகைக்குப் பதில் தண்ணீர்தான் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளில் பாதி உண்மை, மீதி ஆசை. கார் வாங்கப் போகிறவர்கள், பிள்ளையை இந்தத் துறையில் படிக்க வைக்கலாமா என்று யோசிப்பவர்கள், அமெரிக்காவில் பழைய மிராய் மலிவாகக் கிடைக்கிறதே என்று பார்ப்பவர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்டி நல்ல வண்டிதான். சிக்கல் முழுக்க அதற்கு நிரப்ப வேண்டிய எரிபொருளில் இருக்கிறது.

இது தண்ணீரில் ஓடும் காரா?

இல்லை. தண்ணீர் இந்தக் காரின் கழிவு. ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து, தன்னிடம் இருந்த ஆற்றலைக் கொடுத்து முடித்த பிறகு மிஞ்சுவதுதான் தண்ணீர். அதை மறுபடியும் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க வேண்டுமென்றால், வெளிவந்ததைவிட அதிக ஆற்றலை நாம் செலவழிக்க வேண்டும். தண்ணீரை ஊற்றி வண்டி ஓட்டிக் காட்டுகிறேன், முதலீடு செய்யுங்கள் என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் உள்ளே என்ன நடக்கிறது?

இதுவும் ஒரு மின்சாரக் கார்தான். சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார். பெரிய பேட்டரிக்குப் பதிலாக, ஓடும்போதே மின்சாரம் தயாரிக்கும் எரிபொருள் மின்கலம் இருக்கிறது. ஃபியூயல் செல் என்று பலரும் சொல்வது இதைத்தான். ஒரு பக்கம் ஹைட்ரஜன் நுழைகிறது. அங்கே பிளாட்டினம் பூச்சு அதை புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிக்கிறது. நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வு புரோட்டானை மட்டும் விடும். எலக்ட்ரான் கம்பி வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. அந்த ஓட்டம்தான் மோட்டாருக்குப் போகும் மின்சாரம். மறுபக்கம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு எல்லாம் சேர்ந்து தண்ணீராகிவிடுகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறக்குறைய 9 லிட்டர் தண்ணீர்.

ஒரு கலம் கொடுப்பது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அதனால் நூற்றுக்கணக்கில் அடுக்குகிறார்கள். இப்போதைய மிராயில் 330 கலங்கள், மொத்தத் திறன் 128 கிலோவாட். கூடவே 1.24 யூனிட் மட்டுமே கொள்ளும் குட்டி பேட்டரி ஒன்று உண்டு. பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைக்கும் மின்சாரத்தைச் சேமிக்கவும், வேகமெடுக்கும்போது கைகொடுக்கவும்தான் அது. வீட்டில் சார்ஜ் போட மிராயில் இடமே கிடையாது.

இது புதிய கண்டுபிடிப்பா?

வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த வில்லியம் குரோவ் இந்த மின்கலத்தைச் செய்து பார்த்தது 1839-ல். அவர் தொழிலால் வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதி. நூறு ஆண்டுகளுக்கு மேல் அது ஆய்வகத்திலேயே கிடந்தது. பிறகு ஜெமினி, அப்போலோ விண்கலங்களுக்கு மின்சாரம் கொடுத்தது. அப்போலோ வீரர்கள் அதிலிருந்து வந்த தண்ணீரையே குடித்தார்கள். 1966-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு வேனில் இதைப் பொருத்திப் பார்த்தது. டேங்க்குகளும் குழாய்களும் இடத்தை அடைத்துக்கொண்டதால் இரண்டு பேர்தான் உட்கார முடிந்தது. அந்த வேனிலிருந்து இன்றைய மிராய் வரை வந்திருப்பது பொறியியலில் பெரிய சாதனை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது காசு கொடுத்தால் வாங்கக்கூடிய கார்கள் எவை?

டொயோட்டா மிராய் 2014 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது, இரண்டாம் தலைமுறை 2020-ல். ஹூண்டாய் நெக்ஸோ 2018-ல் வந்தது, புது மாடல் 2025-ல். ஹோண்டா 2024-ல் கொண்டுவந்த சிஆர்-வி வகை, ஹைட்ரஜனோடு சார்ஜும் போட்டுக்கொள்ளக்கூடியது. விலகியவர்கள் பட்டியலும் உண்டு. மெர்சிடிஸ் தன் ஹைட்ரஜன் காரை 2020-ல் நிறுத்தியது, ஹோண்டா கிளாரிட்டி 2021-ல் நின்றது, ஸ்டெல்லாண்டிஸ் 2025 ஜூலையில் தன் ஹைட்ரஜன் வண்டித் திட்டத்தையே கைவிட்டது. பிஎம்டபிள்யூ மட்டும் 2028-ல் ஒன்று கொண்டுவரப்போவதாகச் சொல்லியிருக்கிறது. இந்தியாவில் எதுவும் விற்பனையில் இல்லை.

ஓட்டுவதற்கு எப்படி இருக்கும்?

அமைதியாக, நடுக்கமில்லாமல், எந்த நல்ல மின்சாரக் காரையும் போல. அமெரிக்க அரசின் கணக்குப்படி மிராய் ஒரு தடவை நிரப்பினால் சுமார் 640 கி.மீ. போகும்.

ஐந்தே நிமிடத்தில் நிரப்பிவிடலாம் என்பது உண்மையா?

முதல் ஆளுக்கு உண்மை. மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் 5.6 கிலோ ஏறிவிடும். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் நடப்பதைத் தெரிந்துகொண்டால், இந்தக் காரின் மொத்தப் பிரச்சினையும் புரிந்துவிடும்.

ஹைட்ரஜன் எடைக்கு மிகுந்த ஆற்றல் கொண்டது. ஒரு கிலோவில் 33 யூனிட் இருக்கிறது, பெட்ரோலைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஆனால் அது பிடித்துக்கொள்ளும் இடம் மிக அதிகம். காருக்குள் அடக்க வேண்டுமென்றால் 700 பார் அழுத்தம் தேவை. உங்கள் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல முந்நூறு மடங்கு. அந்த அழுத்தத்தில் வேகமாக ஏற்றினால் டேங்க் சூடாகும் என்பதால், வாயுவை மைனஸ் 40 டிகிரி வரை குளிர்வித்துத்தான் விடுகிறார்கள். நாசிலும் காரும் அகச்சிவப்புக் கதிர் வழியாகப் பேசிக்கொள்ளும்; டேங்க்கின் வெப்பநிலை, அழுத்தம் எல்லாவற்றையும் பார்த்து ஏற்றும் வேகத்தைப் பங்க் தீர்மானிக்கும்.

இத்தனையும் செய்ய பெரிய கம்ப்ரசர், குளிரூட்டி, உயர் அழுத்தத் தொட்டிகள் எல்லாம் வேண்டும். இரண்டு மூன்று கார் அடுத்தடுத்து நிரப்பினால் அழுத்தம் இறங்கிவிடும். அடுத்தவர் அது மறுபடி ஏறும் வரை நிற்க வேண்டியதுதான். ஈரப்பதமான நாளில் குளிர்ந்த நாசில் காரோடு சேர்ந்து உறைந்து ஒட்டிக்கொள்ளும். கம்ப்ரசர் பழுதானால் அந்த ஊருக்கே அன்று எரிபொருள் இல்லை. கலிஃபோர்னியாவில் மிராய் வைத்திருப்பவர்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் செயலியில் எந்தப் பங்க் இயங்குகிறது என்று பார்ப்பது அன்றாட வேலை.

பங்க்குக்கு ஹைட்ரஜனைக் கொண்டு சேர்ப்பதும் லேசில்லை. உருளைகள் அடுக்கிய வழக்கமான டிரெய்லர் லாரி பல பத்து டன் எடை இருக்கும், அது சுமந்து வரும் ஹைட்ரஜனோ சில நூறு கிலோ. அறுபது, எழுபது கார் நிரப்பினால் தீர்ந்துவிடும். இத்தனைக்கும் ஒரு பங்க் அமைக்க அமெரிக்காவில் சுமார் 20 லட்சம் டாலரும் அதற்கு மேலும் ஆகிறது.

ஓட்டும் செலவு எவ்வளவு?

கலிஃபோர்னியாவை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் சாதாரணக் குடும்பங்கள் இந்தக் காரை ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பார்த்திருக்கின்றன. 2004-ல் ஆளுநர் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் 'ஹைட்ரஜன் நெடுஞ்சாலை' அறிவித்தார். 2013-ல் நூறு பங்க் வரும் வரை ஆண்டுக்கு 2 கோடி டாலர் ஒதுக்கச் சட்டம் வந்தது. ஆசை பெரியது, பணமும் வந்தது. காரோடு 15,000 டாலர் மதிப்புள்ள எரிபொருள் அட்டையை டொயோட்டா இலவசமாகக் கொடுத்தது. அதனால் வாங்கியவர்களுக்கு முதல் சில ஆண்டுகள் செலவே தெரியவில்லை.

2023-ல் அங்கே பெரிய பங்க் நிறுவனமான ட்ரூ ஜீரோ ஒரு கிலோவின் விலையை 36 டாலராக ஏற்றியது. 5.6 கிலோ நிரப்ப 200 டாலர். அதே 640 கி.மீ. ஒரு நல்ல ஹைபிரிட் பெட்ரோல் காரில் போனால், அந்த மாநிலத்தின் உயர்ந்த பெட்ரோல் விலையிலும் 40 டாலர் சுற்றித்தான் ஆகும். ஐந்து மடங்கு வித்தியாசம். 15,000 டாலர் அட்டை நினைத்ததைவிட வேகமாகக் கரைந்தது. 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் கலிஃபோர்னியாவில் கார்களுக்கான தன் ஏழு ஹைட்ரஜன் பங்க்குகளையும் மூடியது. அதே ஆண்டு மிராய் உரிமையாளர்கள் பலர் டொயோட்டா மீது வழக்குப் போட்டார்கள். நல்லெண்ணத்தோடு, சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நம்பி வாங்கியவர்கள் அவர்கள். அவர்கள் மீது இந்தச் சுமை விழுந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

நம் ஊர்க் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் தேவை. யூனிட் 4 ரூபாய்க்கே கிடைத்தாலும் மின்செலவு மட்டும் 200 ரூபாயைத் தாண்டிவிடும். இயந்திரச் செலவு, அழுத்துவது, கொண்டு வருவது, பங்க், லாபம் எல்லாம் அதற்கு மேல். அந்த ஒரு கிலோவில் 100 முதல் 115 கி.மீ. ஓடலாம். பேட்டரிக் கார் அதே 100 கி.மீ.க்கு 15 யூனிட் கேட்கும். வீட்டில் யூனிட்டுக்கு 8 ரூபாய் கட்டினாலும் 120 ரூபாய்தான்.

பேட்டரிக் காரைவிட இது ஏன் பின்தங்கியது? யாரோ சதி செய்தார்களா?

சதி எதுவும் இல்லை. இயற்பியல் அப்படி. மேலே பார்த்த கணக்கையே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

காற்றாலையிலிருந்தோ சூரியத் தகட்டிலிருந்தோ 100 யூனிட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரிக் காருக்கு அது கம்பி வழியாக வருகிறது. கம்பியில் கொஞ்சம், சார்ஜ் ஆகும்போது கொஞ்சம், மோட்டாரில் கொஞ்சம் போக, 70 முதல் 75 யூனிட் சக்கரத்துக்குச் சேரும். ஹைட்ரஜன் வழியில் முதலில் தண்ணீரைப் பிரிக்க வேண்டும். அங்கேயே மூன்றில் ஒரு பங்கு போகிறது. பிறகு அழுத்த, குளிர்விக்க, லாரியில் ஏற்றிவர இன்னும் கொஞ்சம். காருக்குள் மின்கலம் அதை மறுபடி மின்சாரமாக்கும்போது பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வெப்பமாகப் போகும். கடைசியில் சக்கரத்துக்கு வருவது 25 முதல் 30 யூனிட். அதாவது, ஒரே தூரம் ஓட ஏறக்குறைய மூன்று மடங்கு காற்றாலை, மூன்று மடங்கு சூரியத் தகடு வேண்டும்.

தொழில்நுட்பம் வளர்ந்தால் இந்த இடைவெளி குறையும், ஆனால் மறையாது. மின்சாரத்தை வாயுவாக்கி, அந்த வாயுவை மறுபடி மின்சாரமாக்கும் இரண்டு மாற்றங்கள் நடுவில் இருக்கும் வரை இழப்பு இருக்கத்தான் செய்யும்.

இருபது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கணக்கைத் தாண்டி ஹைட்ரஜனுக்கு ஒரு நியாயம் இருந்தது. அன்று பேட்டரி விலை அதிகம், எடை அதிகம், தூரம் குறைவு, சார்ஜ் ஏற இரவு முழுக்க ஆகும். ஹைட்ரஜன் கார் அந்தக் குறைகளுக்குப் பதிலாகத்தான் திட்டமிடப்பட்டது. ஆனால் 2010-ல் ஒரு யூனிட் கொள்ளும் பேட்டரியின் விலை 1,000 டாலருக்கு மேல். 2024-ல் சராசரியாக 115 டாலர். ஹூண்டாயின் ஐயோனிக் 5-ல் தகுந்த அதிவேக சார்ஜர் இருந்தால் 10-லிருந்து 80 சதவீதம் ஏற 18 நிமிடம். எந்தப் பிரச்சினைக்குத் தீர்வாக ஹைட்ரஜன் கார் வந்ததோ, அந்தப் பிரச்சினையே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. 2024-ல் உலகம் முழுவதும் 1.7 கோடிக்கும் அதிகமான மின்சாரக் கார்கள் விற்றன (சார்ஜ் போடும் ஹைபிரிட்டும் சேர்த்து). ஹைட்ரஜன் வண்டிகள் சுமார் 13 ஆயிரம்.

பங்க் இல்லாததால்தான் கார் விற்கவில்லை. அரசு பங்க் கட்டினால் போதாதா?

இந்த வாதத்தை ஜப்பான் சோதித்துப் பார்த்துவிட்டது. 2020-க்குள் 160 பங்க், 40,000 கார் என்று அந்த அரசு இலக்கு வைத்தது. பங்க்குகள் ஏறக்குறைய சொன்னபடி வந்துவிட்டன. கார்கள் அந்த இலக்கில் எட்டில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. சொந்த நாட்டு நிறுவனம் செய்த கார், தாராளமான மானியம், பெரிய நகரங்களில் பங்க் எல்லாம் இருந்தும் மக்கள் வாங்கவில்லை.

மற்ற இடங்களில் பங்க்குகளே குறைகின்றன. டென்மார்க்கில் எவர்ஃப்யூல் 2023-ல் தன் கார் பங்க் வலையமைப்பையே மூடியது. ஜெர்மனியில் கார்களுக்கென்று கட்டிய பழைய பங்க்குகள் பலவற்றை மூடிவிட்டு லாரி, பஸ் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். தென்கொரியா மட்டும் ஓரளவு விதிவிலக்கு. உலகிலேயே அதிக ஹைட்ரஜன் கார்கள் அங்கேதான் ஓடுகின்றன. ஆனால் அங்கே காரின் விலையில் பாதியை நெருங்கும் அளவுக்கு மத்திய, உள்ளூர் மானியங்கள் சேர்ந்து கிடைத்தன. மானியத்தை எடுத்துவிட்டால் நிலைமை என்ன ஆகும் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

வெடித்துவிடாதா?

1937-ல் ஹைட்ரஜன் நிரப்பிய ஹிண்டன்பர்க் ஆகாயக்கப்பல் எரிந்து 36 பேர் இறந்த படத்தை மனதில் வைத்துத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். காரில் இருக்கும் டேங்க் அதோடு ஒப்பிடக்கூடியதே அல்ல. கார்பன் இழையால் சுற்றப்பட்ட கனமான உருளை அது. நெருப்பில் வைத்து, மோதவிட்டு, அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்த பிறகே அனுமதிக்கிறார்கள். தீ பிடித்தால் டேங்க் வெடிக்காமல் வாயுவை வெளியே விட ஒரு வால்வு தானாகத் திறக்கும். ஹைட்ரஜன் காற்றைவிட 14 மடங்கு லேசானது. திறந்த வெளியில் கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடும். பெட்ரோலைப் போல வண்டிக்கடியில் தேங்காது.

ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்தாலும் பற்றிக்கொள்ளும், மிகச் சிறிய பொறி போதும், பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாது. சமையல் கேஸில் சேர்ப்பதுபோல வாசனைப் பொருள் சேர்க்கவும் முடியாது, அது மின்கலத்தைக் கெடுத்துவிடும். அதனால் சென்சாரை நம்பித்தான் இருக்க வேண்டும். மூடிய அடித்தளப் பார்க்கிங்கில் காற்றோட்டம் கட்டாயம்.

இதுவரை கவனிக்க வேண்டிய விபத்துகள் நடந்தது எரிபொருளைக் கையாளும் இடங்களில். 2019 ஜூனில் நார்வேயின் சாண்ட்விகாவில் ஒரு பங்க் வெடித்தது. உயர் அழுத்தத் தொட்டியின் மூடியில் போல்ட்டுகளைச் சரியாக முறுக்காததே காரணம். டொயோட்டாவும் ஹூண்டாயும் அங்கே ஹைட்ரஜன் கார் விற்பனையைக் கொஞ்ச காலம் நிறுத்தின. அதே மாதம் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் லாரிகளுக்கு ஹைட்ரஜன் ஏற்றும் நிலையத்தில் வெடிப்பு. பல வாரங்கள் சான் பிரான்சிஸ்கோ வட்டாரக் கார்களுக்கு எரிபொருள் தட்டுப்பாடு. நல்ல பயிற்சி பெற்ற ஆட்களும் விடாத பராமரிப்பும் இருந்தால் இது கையாளக்கூடிய ஆபத்துதான்.

புகை இல்லை என்றால் மாசே இல்லையே?

காரிலிருந்து வராது, சரி. ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். உலகில் ஆண்டுக்குத் தயாராகும் 9 கோடி டன்னுக்கும் மேற்பட்ட ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. தூய்மையான வழியில் வருவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. இயற்கை எரிவாயு வழியில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 முதல் 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். கார் ஓடும் தூரத்தோடு வகுத்தால் கிலோமீட்டருக்கு 90 கிராம்போல வரும். நல்ல ஹைபிரிட் பெட்ரோல் கார் விடுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். பிறகு எதற்கு இத்தனை பாடு?

டேங்க்குக்கு ஆயுள் உண்டா? பிளாட்டினம் விலை அதிகமாச்சே?

உண்டு. அமெரிக்காவில் விற்ற மிராயின் டேங்க்குகளில் இந்தத் தேதிக்குப் பிறகு நிரப்பாதே என்று எழுதியே இருக்கும், 15 ஆண்டுகள். பிளாட்டினம் தேவை தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துவருகிறது. அதை முக்கியத் தடையாக நான் நினைக்கவில்லை.

சென்னை வெயிலுக்குத் தாங்குமா?

யாரும் அதிகம் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. பெட்ரோல் எஞ்சின் தன் வெப்பத்தில் கணிசமான பகுதியைப் புகைக்குழாய் வழியே தள்ளிவிடும். எரிபொருள் மின்கலத்தில் அந்த வசதி இல்லை, ரேடியேட்டர்தான் எல்லாவற்றையும் வெளியேற்ற வேண்டும். அது இயங்குவதோ 80 டிகிரி சுற்றி. வெளியே 42 டிகிரி என்றால் இடைவெளி குறைவு; ரேடியேட்டர் பெரிதாக வேண்டும், மலையேறும்போது திணறும். பங்க்கிலும் அதே கதை, மைனஸ் 40-க்குக் குளிர்விக்க இன்னும் மின்சாரம். முடியாத காரியமல்ல, ஆனால் கலிஃபோர்னியாவிலும் ஜப்பானிலும் ஆன செலவைவிட இங்கே கூடும்.

இந்தியாவில் என்னதான் நடக்கிறது?

நிறையவே நடக்கிறது, ஆனால் காரில் அல்ல. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தை ஏற்றது. சூரிய ஒளி, காற்றாலை போன்ற தூய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுப்பதைத்தான் பசுமை ஹைட்ரஜன் என்கிறார்கள். 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் இலக்கு. 2025 மார்ச்சில் போக்குவரத்துக்கான ஐந்து சோதனைத் திட்டங்களுக்கு ஒப்புதல் கிடைத்தது: மொத்தம் 37 வண்டிகள், 9 பங்க்குகள். அத்தனையும் பஸ்ஸும் லாரியும்தான். திருவனந்தபுரம்–கொச்சி, ஜாம்ஷெட்பூர்–கலிங்கா நகர் போன்ற தடங்கள். அந்த 37-ல் 22 வண்டிகளில் எரிபொருள் மின்கலமே இல்லை. ஹைட்ரஜனை நேரடியாக எரிக்கும் எஞ்சின். அது செலவு குறைந்த வழி, ஆனால் எரிபொருள் இன்னும் அதிகம் குடிக்கும், நைட்ரஜன் ஆக்சைடும் கொஞ்சம் வரும்.

தமிழ்நாட்டிலும் வேலை நடக்கிறது. நாட்டின் முதல் ஹைட்ரஜன் ரயில் பெட்டிகள் பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் உருவானவை. அவற்றுக்குக் குறித்த தடம் அரியானாவின் ஜிந்த்–சோனிபட். எரிபொருள் மின்கல ஆராய்ச்சிக்கென்று மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான ஏஆர்சிஐ நடத்தும் மையம் சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் பல ஆண்டுகளாக இயங்குகிறது. சென்னையை அடுத்த தையூரில் ஐஐடியோடு சேர்ந்து ஹைட்ரஜன் மையம் அமைக்க ஹூண்டாய் 2024-ல் 180 கோடி ரூபாய் அறிவித்தது. கொச்சி கப்பல் கட்டும் தளம் செய்த ஹைட்ரஜன் படகை 2024 பிப்ரவரியில் பிரதமர் தூத்துக்குடியிலிருந்து தொடங்கிவைத்தார். அந்தப் படகு வாரணாசிக்கு.

காருக்கு ஒத்துவராதது லாரிக்கும் ரயிலுக்கும் ஒத்துவருமா?

சில இடங்களில் வரலாம். ஒரே டிப்போவில் நிரப்பி, ஒரே தடத்தில் ஓடும் கனரக வண்டிக்குப் பங்க் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். பேட்டரியின் எடை சரக்கின் இடத்தைத் தின்னும்போது ஹைட்ரஜனுக்கு ஒரு வாய்ப்பு. சீனாவில் ஹைட்ரஜன் வண்டி என்றாலே பெரும்பாலும் லாரியும் பஸ்ஸும்தான். ஆனால் இங்கேயும் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவின் நிகோலா லாரி நிறுவனம் 2025 பிப்ரவரியில் திவாலானது. ஜெர்மனியின் லோயர் சாக்ஸனி மாநிலம் 2022-ல் ஹைட்ரஜன் ரயில்களை ஓடவிட்டுப் பெயர் வாங்கியது. அடுத்த ஆண்டே, இனி வாங்குவது பேட்டரி ரயில் என்று முடிவெடுத்தது. செலவுதான் காரணம்.

பசுமை ஹைட்ரஜனுக்கு முதல் உரிமை வேறு இடங்களுக்கு இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும், அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும்; அங்கே பேட்டரி உதவாது. இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனை நிலக்கரி இல்லாமல் பிரிக்க ஹைட்ரஜன் வேண்டும். சுவீடனின் லூலியோவில் 2021-லேயே அப்படி இரும்பு எடுத்துக் காட்டினார்கள். இந்தியா ஆண்டுக்குப் பயன்படுத்தும் 50 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட ஹைட்ரஜனில் ஏறக்குறைய எல்லாமே உரத்துக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கும் போகிறது, ஏறக்குறைய எல்லாமே புதைபடிவ எரிபொருளிலிருந்து வருகிறது. அதை மாற்றாமல், கஷ்டப்பட்டு எடுத்த பசுமை ஹைட்ரஜனைக் காரில் ஊற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்புறம் டொயோட்டாவும் ஹூண்டாயும் ஏன் விடவில்லை?

ஜப்பானும் கொரியாவும் எரிபொருளுக்கு வெளிநாட்டையே நம்பியிருக்கும் நாடுகள். கப்பலில் ஹைட்ரஜன் இறக்குமதி செய்யலாம் என்பது அவர்களுக்குப் பெரிய தேசியக் கனவு. நிறுவனங்களுக்கும் முப்பது ஆண்டு உழைப்பு இதில் இருக்கிறது. 2015-ல் டொயோட்டா 5,680 காப்புரிமைகளை மற்றவர்கள் இலவசமாகப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. கூட்டம் சேர வேண்டும் என்ற எண்ணம்தான். இன்று அதே மின்கலத்தை லாரி, பஸ், ஜெனரேட்டர் என்று விற்கப் பார்க்கிறார்கள். காரில் கற்றது வீண் போகவில்லை.

பத்து ஆண்டு கழித்து என்ன நிலைமை இருக்கும்?

என் கணிப்பு: ஜப்பான், கொரியா, சீனாவின் சில பகுதிகளில் டாக்சி, அரசு வண்டி என்று கொஞ்சம் இருக்கும். சாதாரணக் குடும்பம் வாங்கும் காராக இது வராது. பூமிக்கடியில் இயற்கையாகவே மலிவான ஹைட்ரஜன் கிடைத்தால் மாறும் என்கிறார்கள். கிடைத்தாலும் அழுத்துவது, குளிர்விப்பது, கொண்டு வருவது, பங்க் என்ற செலவுகள் அப்படியேதான் நிற்கும்.

கலிஃபோர்னியாவில் பழைய மிராய் மிக மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வீட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ பத்து நிமிடத்தில் இரண்டு வெவ்வேறு பங்க்குகள் இருந்து, வீட்டில் இன்னொரு காரும் இருந்தால் யோசிக்கலாம். அந்தப் பங்க்குகள் எத்தனை நாள் இயங்குகின்றன என்று வாங்கும் முன் சில வாரம் செயலியில் கவனியுங்கள். எரிபொருள் அட்டையில் மிச்சம் இருக்கிறதா, அது உங்கள் பெயருக்கு மாறுமா, டேங்க் காலாவதித் தேதி என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரே கார்தான் வீட்டில் என்றால் வேண்டாம். திரும்ப விற்கவும் சிரமம். விலை ஏன் அவ்வளவு இறங்கியது என்பதற்கு அதுதான் காரணம்.

இங்கே கார் வாங்க வேண்டும். ஹைட்ரஜன் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். சொந்த பார்க்கிங்கில் சார்ஜ் போட வசதி இருந்து, தினம் நூறு கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறீர்கள் என்றால் பேட்டரிக் கார் பாருங்கள். அடுக்குமாடியில் சார்ஜ் வசதி இல்லை, அடிக்கடி நெடுந்தூரம் என்றால் ஹைபிரிட்டோ சிஎன்ஜியோ பொருந்தும்.

பிள்ளை பொறியியல் படிக்கிறான். ஹைட்ரஜன் துறைக்குப் போகலாமா?

தாராளமாக. ஹைட்ரஜன் கார் தோற்றாலும் ஹைட்ரஜன் துறை தோற்காது. தண்ணீரைப் பிரிக்கும் எலக்ட்ரோலைசர், உயர் அழுத்தக் கம்ப்ரசர், கசிவுச் சென்சார், பாதுகாப்பு, உருக்கு, அம்மோனியா என்று ஆள் தேவைப்படும் இடங்கள் பல. வேதிப் பொறியியல், உலோகவியல், இயந்திரவியல், கருவியியல் நான்கில் ஒன்றை ஆழமாகப் படிக்கட்டும். ஹைட்ரஜன் என்று பெயர் சூட்டிய தனிப் பட்டத்துக்கு அதிகக் கட்டணம் கட்டுவதைவிட, இறுதியாண்டுத் திட்டத்தை எலக்ட்ரோலைசரிலோ அழுத்தக் கலன்களிலோ செய்தால் அவனுக்கு அதிகப் பயன்.